இண்டிபெண்டன்ட் க்ளாஸா, டிபெண்டன்ட் க்ளாஸா? தமிழில் சொல்லிப் பார்த்துப் பிரிக்கலாம்

செங்கோட்டையிலிருந்து தினமும் மலைக்கு அப்பால் கேரளத்திலுள்ள புனலூருக்கு வேலைக்குப் போய்வந்த காலம். ஒரு நாள் தாமதமாகப் போனதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன்: "ஐ வாஸ் லேட். பிகாஸ் த பஸ் ப்ரோக் டவுன் அட் ஆரியங்காவு." மேலதிகாரி இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாக்கியம் முடியவில்லையாம். பஸ் என்று எழுவாய் இருக்கிறது, ப்ரோக் என்று வினை இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?

(க்ளாஸ் என்று நான் எழுதுவது வகுப்பும் இல்லை, டீ கிளாஸும் இல்லை. எழுவாயும் வினையும் உள்ள வாக்கியத் துண்டு, ஆங்கிலத்தில் clause. தனியாக நின்றால் இண்டிபெண்டன்ட், இன்னொன்றைச் சார்ந்து தொங்கினால் டிபெண்டன்ட். மலை தாண்டினால் 'க்ளோஸ்' என்பார்கள். உச்சரிப்புக்கு அதுதான் கிட்ட வரும்.)

படி 1: வினைச்சொல்லைத் தேடிப் பென்சிலால் கோடு போடுங்கள். 'ஆஃப்டர் த ரெயின்' என்பதில் வினை இல்லை, அது க்ளாஸே இல்லை. 'ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட்' என்பது க்ளாஸ். கிராமர் செக்கர் ஆப் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அது திருத்திக் கொடுத்துவிடும், நமக்கு ஒன்றும் ஏறாது.

படி 2: அந்தத் துண்டை மட்டும் தமிழில் சொல்லி, கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'த ரெயின் ஸ்டாப்ட்': மழை நின்றது. வினைமுற்று, எனவே இண்டிபெண்டன்ட். 'வென் த ரெயின் ஸ்டாப்ட்': மழை நின்றபோது. முடியவில்லை, எனவே டிபெண்டன்ட். 'இஃப்' என்றால் நின்றால், 'ஆல்தோ' என்றால் நின்றாலும். தமிழில் வினையின் வால் மாறுகிறது. ஆங்கிலத்தில் ஸ்டாப்ட் அப்படியே நிற்கும், தலையில் ஒரு சொல் வந்து உட்காரும். வாலையே பார்த்துப் பழகிய நமக்கு அந்தத் தலை கண்ணில் படுவதில்லை.

நடுவில் செருகிய க்ளாஸும் இதில் மாட்டும். 'த லைன் விச் க்ளோஸ்ட் இன் 2010 ரீஓப்பன்ட் இன் 2018.' எங்கள் புனலூர் ரயில் பாதைதான், மீட்டர் கேஜை அகலப் பாதையாக்க மூடியது. 2010இல் மூடிய பாதை 2018இல் மீண்டும் திறந்தது. 'மூடிய' பெயரெச்சம், ஆகவே 'விச்' துண்டு டிபெண்டன்ட்.

படி 3: நான் விழுந்த பள்ளம். பிகாஸ் என்றதும் மனசு 'ஏனென்றால்' என்று சொல்லும். "ஏனென்றால் பஸ் பழுதாகிவிட்டது." வினைமுற்று வந்துவிட்டது, தமிழில் தனி வாக்கியமாகவே நிற்கும். அதே தைரியத்தில்தான் ஆங்கிலத்திலும் முற்றுப்புள்ளி வைத்தேன். தென்மலையிலிருந்து வரும் சக ஊழியரிடம் கேட்டேன். மலையாளத்தில் 'காரணம்' என்று தொடங்கி அவரும் இதே பள்ளத்தில் விழுந்தவர்தான்! ஆகவே பிகாஸுக்கு ஏனென்றால் கூடாது, 'ஆல்' போடுங்கள்: பஸ் பழுதானதால். இப்போது தொங்குகிறதா? அதை முன் வாக்கியத்தோடு சேருங்கள்: 'ஐ வாஸ் லேட் பிகாஸ் த பஸ் ப்ரோக் டவுன்.'

படி 4: ஆண்ட், பட், ஸோ வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு இண்டிபெண்டன்ட் க்ளாஸை இணைக்கும், எதையும் டிபெண்டன்ட் ஆக்காது.

பிற்சேர்க்கை: 'ஐ நோ த ட்ரெயின் லெஃப்ட்' என்பதில் டிபெண்டன்ட் எங்கே என்று ஒருவர் கேட்டார். 'தட்' விழுந்துவிட்டது, ஆங்கிலத்தில் அப்படி விடலாம். தமிழில் சொன்னால் மறைய முடியாது: வண்டி போய்விட்டது என்று தெரியும். 'போய்விட்டது' வினைமுற்றுதான், ஆனால் பின்னால் 'என்று' ஒட்டிவிட்டதே. என்று வந்தால் டிபெண்டன்ட். படி 2இல் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.