அர்ஜுனாரிஷ்டம் குடிக்கிறீர்களா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

பெரியப்பாவுக்கு அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்து மூன்று மாதம் இருக்கும். பார்க்கப் போனால், மாத்திரை டப்பா ஓரமாக ஒதுங்கியிருக்க, மேசை நடுவில் அர்ஜுனாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து. "மருதம்பட்டையைப் புளிக்க வச்சதுப்பா. ரத்தக்குழாய்ல துரு பிடிக்காது. இனிமே மாத்திரை எதுக்கு?" என்றார்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இதுதான். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விட்டால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம்.

துரு பிடிக்கும் கதை முழுப் பொய்யல்ல. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து, இரும்பு துருப்பிடிப்பதுபோல ஆக்சிஜனேற்றம் அடைகிறது; வெள்ளை அணுக்கள் அதை விழுங்கி அங்கேயே தேங்க, கொழுப்புத் திட்டு வளர்கிறது. அப்படியானால் அதைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். பிரிட்டனில் 20,536 பேருக்கு ஐந்தாண்டு கொடுத்தும் பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது: வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டேட்டின் மாத்திரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சுமார் கால் பங்கு குறைத்தது.

அதனால் பாட்டிலில் போட்டிருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சோதனைக் குழாயில் எடுத்த அளவு. அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கு வெளியிட்டிருந்த அப்படிப்பட்ட பட்டியலை 2012இல் தானே எடுத்துவிட்டது.

சரி, புளிக்க வைத்த எதுவுமே வேலை செய்யாதா? செய்யும், அதிலும் சிக்கல் உண்டு. பூஞ்சை போட்டுப் புளிக்க வைக்கும் சீனாவின் சிவப்பு ஈஸ்ட் அரிசி கொழுப்பைக் குறைப்பது அதிலுள்ள மொனகோலின் கே என்ற பொருளால். அது லோவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் மருந்தேதான். ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் தசை பாதிக்கப்படலாம். பூஞ்சை மாறினாலும் வம்புதான். 2024இல் ஜப்பானில் இந்த அரிசி மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்தது. வேறொரு பூஞ்சை கலந்து உண்டாக்கிய பியூபெருலிக் அமிலம் அதில் இருந்தது. அப்புறம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், ஜப்பானில் சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் நாட்டோ பக்கமே போகக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தை முறித்துவிடும்.

நம்மூர்ப் பழைய சோற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொட்டுக்கொள்ளும் ஊறுகாயின் உப்புதான் ரத்த அழுத்தக்காரர்களுக்கு வினை.

அரிஷ்டத்துக்கு வருவோம். மருதம்பட்டை, திராட்சை, இலுப்பைப்பூ கஷாயத்தில் வெல்லமும் தாதகிப்பூவும் போட்டுப் புளிக்க விடுகிறார்கள். தானாக ஊறும் சாராயம் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கலாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்த பரிசோதனைக்குப் பாட்டிலையும் பையில் போட்டுப் பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். டாக்டர் லேபிளைத் திருப்பிப் படித்துவிட்டு, முதலில் கேட்டது சர்க்கரை அளவை.

"இதுல வெல்லம் இருக்குன்னு யாருமே சொல்லலையே" என்றார் பெரியப்பா.