தன்மேல் நமக்கு எவ்வளவு பரிவு? கேள்வித்தாளை வைத்து அளந்து பார்ப்பது எப்படி

முதல்முறை அச்சடித்த தாளின் தலைப்பில் ‘தன்னிரக்க அளவுகோல்’ என்று போட்டிருந்தேன். நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் குழு. தேயிலைக் கொளுந்து எடுத்து, எடை போட்டு, மாலையில் களைப்போடு வந்து உட்கார்ந்தவர்கள். தாளை வாங்கிப் படித்த ஓர் அக்கா கேட்டார்: “ஏன் டீச்சர், ஐயோ பாவம் நானுன்னு எத்தன தடவ அழுதேன்னு கணக்கெடுக்கறீங்களா?”

அவர் கேட்டது சரி. தன்னிரக்கம், சுயபச்சாதாபம் இரண்டுமே தமிழில் ‘என் கதி இப்படி ஆகிவிட்டதே’ என்று தன்னை நினைத்துத் தானே கரைவதைத்தான் குறிக்கின்றன. நான் அளக்கப் போனது அதற்கு நேர் எதிரானது. தோழி ஒருத்தி தடுக்கி விழுந்தால் அவளிடம் எப்படிப் பேசுவோமோ, அப்படி நம்மிடம் நாமே பேசுகிறோமா என்பது. அன்று முதல் ‘தன்பரிவு’ என்றுதான் எழுதுகிறேன்.

இந்தப் பதிவு, உளவியல் கேள்வித்தாளைக் கையில் தொட்டே இராதவர்களுக்கு. பேனா, தாள், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: எந்தத் தாள்?

அமெரிக்காவில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் வெளியிட்ட தன்பரிவு அளவுகோல்தான் இந்தத் துறையில் பரவலாகப் புழங்குவது. அதில் 26 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (கிட்டத்தட்ட ஒருபோதும் இல்லை) முதல் 5 (கிட்டத்தட்ட எப்போதும்) வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். 2011-இல் ரேஸ், பாமியர், நெஃப், வான் குக்ட் ஆகிய நால்வர் சேர்ந்து இதை 12 வாக்கியங்களாகச் சுருக்கினார்கள். சுருக்கத் தாளின் மொத்த மதிப்பெண் நீளத் தாளோடு ஏறக்குறைய ஒட்டியே போகிறது. தொடங்குகிறவர்களுக்கு 12 போதும். நீளத் தாளோடு உட்கார்ந்தால் பதினைந்தாவது வாக்கியத்திலேயே “அடுப்புல சோறு இருக்கு” என்று எழுந்து போய்விடுவார்கள். அனுபவம்.

இரண்டு தாள்களையும் நெஃப் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறார். 14 வயதுக்கு மேல், எட்டாம் வகுப்பு அளவுக்கு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பொருந்தும் என்கிறார். அதற்கும் இளையவர்களுக்கு 17 வாக்கியங்களில் தனித் தாள் உண்டு.

படி 2: ஆறு முகங்கள், மூன்று சோடிகள்

வாக்கியங்கள் ஆறு வகையில் அடங்கும். இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். தன்னிடம் கனிவு, எதிரில் தன்னைத் தானே திட்டித் தாளிப்பது. ‘எல்லாருக்கும் வருவதுதான்’ என்ற உணர்வு, எதிரில் ‘எனக்கு மட்டும் ஏன்’ என்ற தனிமை. வருவதை நிதானமாகப் பார்ப்பது, எதிரில் அதையே நினைத்து மருகிக்கொண்டிருப்பது.

இதில் நடுச்சோடி நம்மவர்களுக்குப் புதிதல்ல. ‘வீட்டுக்கு வீடு வாசப்படி’ என்று பாட்டிமார் சொல்லிச் சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 3: தமிழில் சொல்வது

அவசரப்படக் கூடாத இடம் இது. ஏற்கெனவே வந்த மொழிபெயர்ப்புகளை முதலில் தேடிப் பாருங்கள். ஏட்டுத் தமிழில் ஒன்று கிடைத்தாலும், உங்கள் ஊர்க்காரர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று சோதிக்காமல் கொடுக்காதீர்கள்.

நான் செய்யும் முறை இது. ஒருவர் தமிழாக்குகிறார். மூலத்தைப் பார்த்தே இராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குகிறார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்தால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். பிறகு நான்கைந்து பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, “இந்த வாக்கியத்தப் படிச்சதும் மனசுல என்ன ஓடுது, அப்படியே சொல்லுங்க” என்று கேட்பேன். திரும்ப மொழிபெயர்ப்பதில் சிக்காத தவறெல்லாம் இதில் சிக்கும்.

எனக்குச் சிக்கியவை மூன்று.

முதலாவது ‘குறை’. தாளில் பல வாக்கியங்கள் நம் குறைகளை நாம் எப்படி நடத்துகிறோம் என்று கேட்கின்றன. ‘என் குறைகளைக் கண்டு’ என்று எழுதினேன். ஒருவர் அதை வீட்டுப் பணக்கஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். இன்னொருவர், “எங்கிட்ட ஊனம் ஒண்ணும் இல்லயே” என்றார். மூன்றாமவர், அவர் பிறரைப் பற்றிக் குறை சொல்வதைத்தான் நான் கேட்பதாக நினைத்தார். ‘என் குணத்தில் எனக்கே பிடிக்காத விஷயங்கள்’ என்று நீட்டி எழுதிய பிறகுதான் மூவரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள்.

இரண்டாவது, அந்த வாசப்படி. ‘இது எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்துக்கொள்வேன்’ என்ற பொருளில் வரும் வாக்கியத்துக்கு ஒரு பெண் 5 போட்டார். ஏன் என்று கேட்டேன். “மாமியார் தினம் அதத்தான சொல்றாங்க, ஊரே படுது, நீ மட்டுமான்னு” என்றார். அது பரிவு இல்லை, வாயை அடைப்பது. அடுத்தவர் நம்மிடம் சொல்வதையும் நாமாக ஆறுதலுக்கு நினைத்துக்கொள்வதையும் தமிழில் ஒரே வாக்கியம் தாங்கிவிடுகிறது. ‘எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்’ என்று தெளிவாக்கினேன். அதன்பின் அவர் போட்டது 2.

மூன்றாவது, ‘முயல்கிறேன்’. மூலத்தில் பல வாக்கியங்கள் ‘முயல்வேன்’ என்றே இருக்கின்றன. நம்மூரில் “முயற்சி பண்றேன்” என்றால் பாதிநேரம் நாசூக்காக இல்லை என்பதுதான் பொருள். அதற்காக அந்தச் சொல்லை வெட்டிவிடக் கூடாது. முயல்வதும் செய்வதும் வேறு வேறு அளவைகள். ‘செய்யப் பார்ப்பேன்’ என்று வைத்தேன், ஓரளவு நின்றது.

படி 4: கேட்பது

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டி வாழும் லைன் வீடுகளில் தனிமை கிடைக்காது. ஒருவர் எழுதும்போது தோளுக்கு மேல் இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே கூட்டமாகக் கொடுக்காதீர்கள். பெயர் எழுத வேண்டாம், ஓர் எண் போதும். தோட்டத்தில் வேலை வாங்கும் மேஸ்திரி கையில் கொடுத்து வாங்கி வரச் சொல்வது அறவே கூடாது.

வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு நாம் வாசித்துக் காட்டலாம். ஆனால் நம் முகத்தைப் பார்த்து நல்ல பதிலாகச் சொல்லும் பழக்கம் மலையில் கொஞ்சம் கூடுதல். விருந்தாளிக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ கொடுப்பது போல. நான் ஐந்து கண்ணாடி டம்ளர் வைத்துப் பழகினேன். முதலாவதில் அடியில் ஒரு மடக்கு, ஐந்தாவதில் விளிம்பு வரை. வாக்கியத்தை வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் ஒரு டம்ளரைத் தொட்டு எண்ணைச் சொல்வார். முதல் டம்ளரைக் காலியாக வைக்காதீர்கள். 1 என்பது அறவே இல்லை என்பதல்ல, ‘கிட்டத்தட்ட’ இல்லை என்பதே.

வாக்கியங்களின் வரிசையை மாற்ற வேண்டாம். ஆறு வகையும் கலந்து கிடப்பது வேண்டுமென்றே செய்தது. ஒரு வாக்கியத்தை யாராவது விட்டுவிட்டால் நடு எண்ணாக 3 போட்டு நிரப்பாதீர்கள். வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.

படி 5: திருப்பிப் போடுவது

கணக்கில் எல்லோரும் வழுக்குவது இங்கேதான். தன்னைத் தாளிக்கும் வாக்கியத்துக்கு 5 போட்டவருக்குத் தன்பரிவு அதிகம் என்று பொருளாகாது. ஆகவே எதிர்மறை வாக்கியங்களின் எண்ணை 6-இலிருந்து கழிக்க வேண்டும். 5 என்றால் 1 ஆகும், 4 என்றால் 2. 3 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

12 வாக்கியத் தாளில் திருப்ப வேண்டியவை: 1, 4, 8, 9, 11, 12. அப்படியே விட வேண்டியவை: 2, 3, 5, 6, 7, 10.

கற்பனையாக ஒரு விடைத்தாள் எடுத்துக்கொள்வோம். 1 முதல் 12 வரை விடைகள் வரிசையாக: 4, 2, 3, 3, 4, 2, 3, 2, 4, 5, 4, 5.

நேர் வாக்கியங்கள்: 2 + 3 + 4 + 2 + 3 + 5 = 19.

எதிர் வாக்கியங்கள் 4, 3, 2, 4, 4, 5 என்று இருந்தன. திருப்பினால் 2, 3, 4, 2, 2, 1. கூட்டினால் 14.

19 + 14 = 33. 12-ஆல் வகுத்தால் 2.75.

திருப்பாமல் அப்படியே கூட்டியிருந்தால் 41, சராசரி 3.42. இரண்டுமே பார்க்க நியாயமான எண்களாகத்தான் தெரியும். தவறு கண்ணில் படாது, அதுதான் ஆபத்து. ஒரு குழுவின் தாள்கள் முழுவதையும் நான் இப்படித் தப்பாகக் கூட்டி, “பரவாயில்லையே” என்று மகிழ்ந்து, மூன்று நாள் கழித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது திருப்ப வேண்டிய வரிகளுக்கு ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்த பிறகுதான் கூட்டவே தொடங்குகிறேன்.

நீளத் தாளானால் இன்னொரு வேலை உண்டு. அதில் கனிவுக்கும் தாளிப்புக்கும் ஐந்தைந்து வாக்கியங்கள், மற்ற நான்கு வகைக்கும் நான்கு நான்கு. ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனிச் சராசரி எடுத்து, அந்த ஆறு சராசரிகளையும் கூட்டி 6-ஆல் வகுக்க வேண்டும். அங்கே திருப்ப வேண்டியவை 1, 2, 4, 6, 8, 11, 13, 16, 18, 20, 21, 24, 25.

சுருக்கத் தாளில் வகைவாரியாகப் பிரித்துப் பேசாதீர்கள். ஒரு வகைக்கு இரண்டே வாக்கியங்கள்தான், அந்த எண் நம்பி நிற்காது. வகைகளைத் தனித்தனியே பார்க்க விருப்பமென்றால் 26-க்குப் போங்கள்.

படி 6: 2.75 என்றால் என்ன?

2.5-க்குக் கீழே குறைவு, 2.5 முதல் 3.5 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று நெஃப் ஒரு தோராயக் கணக்குத் தருகிறார். அது தோராயம் மட்டுமே. இந்த எண்ணுக்குக் கீழே போனால் நோய் என்று சொல்லும் மருத்துவக் கோடு எதுவும் இந்தத் தாளுக்குக் கிடையாது. மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் கருவியும் இது அல்ல. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உடைந்துபோனால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐ எழுதிக் கொடுங்கள், முடிந்தால் கூடவே இருந்து அழைக்க உதவுங்கள்.

எதிர்மறை வாக்கியங்களைத் திருப்பிச் சேர்ப்பது சரியா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. தன்னைத் தாளிக்காமல் இருப்பதும் தன்னிடம் கனிவாக இருப்பதும் ஒன்றல்ல என்கிறார் நெதர்லாந்தின் பீட்டர் மூரிஸ். இரண்டும் சேர்ந்ததுதான் தன்பரிவு என்று நெஃப் பல நாட்டுத் தரவுகளோடு பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு இருவர் பேச்சிலும் நியாயம் தெரிகிறது. மேலே உள்ள கற்பனைத் தாளையே பாருங்கள். அவர் ‘எல்லாருக்கும் வருவதுதான்’ என்ற வகையின் இரண்டு வாக்கியங்களுக்கும் (5, 10) 4, 5 போட்டுவிட்டு, தன்னைத் தாளிக்கும் இரண்டுக்கும் (11, 12) 4, 5 போட்டிருக்கிறார். இப்படிப்பட்ட பெண்களை நான் தினம் சந்திக்கிறேன். ஊருக்கெல்லாம் மன்னிப்பு உண்டு, அவர்களுக்கு மட்டும் கிடையாது. 2.75 என்ற ஒற்றை எண் அதைச் சொல்லாது. ஆகவே மொத்தத்தோடு 19, 14 என்ற இரண்டு கூட்டலையும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

படி 7: மறுபடி அளப்பது

ஒரு தாள் ஒரு நாளைத்தான் காட்டும். நெஃப் தன் முதல் ஆய்வில் மூன்று வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தார், விடைகள் பெருமளவு மாறாமல் இருந்தன. நீங்களும் ஏறக்குறைய அதே இடைவெளி விடுங்கள். அடுத்த நாளே கொடுத்தால் போன பதிலை நினைவில் வைத்து எழுதுவார்கள்.

மலையில் இதற்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் தேயிலை கருகும், கொளுந்து குறையும், கையில் வரும் காசும் குறையும். அப்போது அளந்ததையும் மழைக்குப் பின் கொளுந்து தளதளவென்று வரும் காலத்தில் அளந்ததையும் ஒப்பிட்டு, தன்பரிவை வளர்க்க நாம் கொடுத்த பயிற்சியால்தான் எண் ஏறியது என்று மார்தட்டக் கூடாது. முடிந்தால் பயிற்சிக்கு வராத இன்னொரு குழுவுக்கும் அதே வாரங்களில் தாளைக் கொடுங்கள்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியோடு அந்த வாரத்து நிலவரத்தையும் ஒரு வரி எழுதி வைப்பது என் வழக்கம். ‘இலை விலை இறங்கியது’, ‘கரடி வந்த வாரம், யாரும் சரியாகத் தூங்கவில்லை’ என்று. ஒரு தாளில் ‘பனி, கரண்ட் இல்லை, டம்ளர் சரியாகத் தெரியவில்லை’ என்று இருக்கிறது. அந்தத் தாளை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.