கரும்பொருள் உணரிக்குச் சர்க்யூட் போடும்போது செய்யும் தவறுகள்

கரும்பொருளை, அதாவது கண்ணுக்குப் புலப்படாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் டார்க் மேட்டரை, தேடும் உணரிகளைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால், "எத்தனை பிட் ஏடிசி சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏடிசி என்பது சிக்னலை எண்களாக மாற்றும் கடைசிக் கட்டம். டெல்டாப் பிள்ளைகள் இப்படித் தொடங்கக்கூடாது. தலைமடையில் சாயத் தண்ணீர் கலந்துவிட்டால், கடைமடை மதகைப் பார்த்துப் பார்த்துத் திறந்து என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளியை மின்துடிப்பாக மாற்றும் குழாயான போட்டோமல்டிபிளையரில் ஒரு போட்டான், அதாவது ஒளித்துகள், விழுகிறது. அது ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட, குழாய் அதைப் பத்து லட்சமாகப் பெருக்குகிறது. 50 ஓம் கேபிளில், 10 நானோசெகண்டுக்கு, கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்கூட இல்லை. இதில் முதல் ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் இரைச்சலும் சிக்னலோடு சேர்ந்தே பெருகும். பிறகு பிரிக்க வழியில்லை.

அடுத்தது எர்த். மன்னார்குடி பக்கம் ஒரு வயல் வீட்டில் சின்ன உணரி ஒன்றைச் சோதித்தோம். த்ரீ பேஸ் வந்து பம்புசெட் ஓடத் தொடங்கியதும் திரையில் முள் முள்ளாகத் துடிப்புகள். மாணவர்கள் சிக்னல் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆஸிலோஸ்கோப் ஒரு அறை பிளக்கில், ஹைவோல்டேஜ் சப்ளை அடுத்த அறை பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே கேபிளின் கவசம் பெரிய வளையமாகிவிட்டது. இரண்டையும் ஒரே போர்டுக்கு மாற்றினோம், அடங்கியது.

இந்த உணரிகளை ஆழமான சுரங்கத்தில்தான் வைப்பார்கள்; அங்கே இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பதும் தவறு. பாறை விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத்தான் தடுக்கும். எல்.இசட். (லக்ஸ்-செப்லின்) என்ற கரும்பொருள் உணரி இருக்கும் அமெரிக்க ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 2003-இல் பம்புகளை நிறுத்தியதும் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கேயும் பம்பு ஓடித்தான் ஆக வேண்டும்.

சரி, ஆம்ப்ளிஃபயரை உணரியை ஒட்டியே வைத்துவிடலாமா? சாதாரண லேபில் அதுதான் சரி. இங்கே கண்ணாடி இழை போர்டிலும் செராமிக் கெபாசிட்டரிலும் இருக்கும் துளி யுரேனியம், தோரியம், பொட்டாசியமே போலி சிக்னல் தரும். அதனால் எல்.இசட்.டில் ஆம்ப்ளிஃபயர்கள் வெளியே இருக்கின்றன. உள்ளே போகும் ரெசிஸ்டரைக்கூடக் கதிரியக்கம் அளந்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்புறம், 100 மெகாஹெர்ட்ஸில் மாதிரி எடுத்தால் 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அதிர்வெண்களை ஏடிசிக்கு முன்பே வடிகட்டுங்கள். ஒரு போட்டானுக்கும் ஆயிரக்கணக்கான போட்டான்களுக்கும் ஒரே கெயின் (பெருக்கும் அளவு) போதாது; வேறு வேறு கெயின் உள்ள இரண்டு வழியாகப் பிரியுங்கள்.

கடைசியாக, ஹைவோல்டேஜை அணைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க பேஸ்லைனை, அதாவது சிக்னல் இல்லாதபோது வரும் அடிக்கோட்டை, மட்டும் பதிவு செய்யுங்கள். மோட்டார் ஓடிய நேரம் அதில் தனியாகத் தெரிந்தால், எர்த்தில் இன்னும் வேலை இருக்கிறது.