கெட்டிமேளத்தில் நிற்கும் படம்: பெரிய 4கே ஃபைலை டிவியில் தடங்கலில்லாமல் ஓட்டுவது எப்படி?

தங்கையின் கல்யாண வீடியோ ஹார்ட்டிஸ்கில் வந்து சேர்ந்தது. முகூர்த்த ஃபைல் மட்டும் 48 நிமிடம், 31 ஜிபி. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அருமையாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் ஹாலில் கூடினோம். மாப்பிள்ளை அழைப்பு ஓடியது, மாலை மாற்றியதும் ஓடியது. கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. முழங்கால் வலியால் கல்யாணத்துக்கு வரமுடியாத எங்கள் பாட்டி அந்த ஒரு காட்சிக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

சரிசெய்ய எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. வழி தெரிந்திருந்தால் அரைமணி நேர வேலைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் செயலியை நிறுவுவது, விண்டோஸில் ஃபோல்டரைப் பகிர்வது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் வீட்டு ஏற்பாடு இது: மாடியில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில்தான் எல்லா வீடியோவும். கீழே ஹாலில் ஆண்ட்ராய்டு டிவி, அதில் கோடி. இரண்டும் ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கும்.

படி 1: ஃபைல் எவ்வளவு கேட்கிறது?

ஃபைலின் அளவை ஜிபியில் எடுத்து 8000ஆல் பெருக்குங்கள். வீடியோவின் மொத்த நொடிகளால் வகுங்கள். 31 × 8000 ÷ 2880 = 86. அதாவது என் ஃபைலுக்கு நொடிக்குச் சராசரியாக 86 மெகாபிட் வந்து சேர வேண்டும். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைப்பு வேகம் 15 எம்பிபிஎஸ் (நொடிக்கு 15 மெகாபிட்) தான். “ஓடிடியில் 4கே நன்றாக ஓடுகிறதே, இது ஏன் ஓடவில்லை?” என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில். 4கே புளூரே டிஸ்கின் உச்ச வேகமே நூறைத் தாண்டிய எம்பிபிஎஸ் கணக்குதான். கல்யாண வீடியோ கிட்டத்தட்ட அந்த வரிசையில் நிற்கிறது.

மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 8 மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட். ஃபைலை நகலெடுக்கும்போது விண்டோஸ் காட்டுவது மெகாபைட் கணக்கு.

சராசரியை மட்டும் நம்பவும் கூடாது. எங்கள் வீட்டில் படம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நின்றது, அட்சதை போடும் இடத்தில். இதற்குக் காரணம் இருக்கிறது. வீடியோவைச் சுருக்கும்போது, முந்தைய காட்சியிலிருந்து எது மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் சேமிக்கிறார்கள். மேடையில் எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் மாற்றம் குறைவு, அதனால் பிட்ரேட்டும் (ஒரு நொடி வீடியோவுக்குத் தேவைப்படும் மெகாபிட்) குறைவு. நூறு பேர் கை நிறைய அரிசியும் பூவும் வீசும்போது திரையில் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. ஹோமப் புகை, தென்னந்தோப்புக்கு மேல் பறக்கும் டிரோன் காட்சி, பட்டாசு எல்லாம் அப்படித்தான். அந்த நொடிகளில் பிட்ரேட் எகிறும்.

எவ்வளவு எகிறுகிறது என்று விஎல்சி பிளேயரிலேயே பார்க்கலாம். ‘டூல்ஸ்’ மெனுவில் ‘மீடியா இன்ஃபர்மேஷன்’, அதில் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ பக்கம். வீடியோ ஓடும்போதே அந்தப் பக்கத்தில் எண் ஏறி இறங்கும். அட்சதை இடத்தில் எனக்கு 130 எம்பிபிஎஸைத் தொட்டது.

படி 2: டிவியிலா, வழியிலா?

பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே புதுப் பெட்டி வாங்கப் போய்விடுகிறார்கள். ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு, நேராக டிவியில் செருகி, அதே கோடியில் ஓட்டுங்கள். தடங்கலின்றி ஓடினால் டிவியில் குறையில்லை, ஃபைல் வந்து சேரும் வழியில்தான் குறை. பென்டிரைவிலும் திணறினால், சுருக்கி வைத்த அந்த வீடியோவைப் பிரித்துப் படமாக்க (டிகோட் செய்ய) டிவியால் முடியவில்லை என்று பொருள். அந்த நிலையில் இருப்பவர்கள் நேராகக் கீழே முதல் பின்சேர்க்கைக்குப் போகலாம்.

பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துக்கொண்டு எக்ஸ்ஃபேட்டுக்கோ என்டிஎஃப்எஸுக்கோ மாற்றுங்கள். டிவிக்கு டிவி இதில் வித்தியாசம் உண்டு, ஒன்றைப் படிக்காவிட்டால் மற்றதை முயலுங்கள்.

எனக்குப் பென்டிரைவில் அட்சதைக் காட்சி ஒரு தடங்கல்கூட இல்லாமல் ஓடியது. அப்படியானால் வழியில்தான் கோளாறு.

படி 3: வழியை அளப்பது (நான் தடுக்கி விழுந்த இடம்)

இரண்டு நாள் நான் தவறான பக்கம் தேடியதற்கு ஒரே காரணம், கேபிள் போட்டிருந்தேன் என்பது. கேபிள் என்றால் வைஃபையைவிட வேகம் என்று நம்பியிருந்தேன். அதனால் ரவுட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன், கோடியை அழித்து மறுபடி நிறுவினேன், டெஸ்க்டாப்பின் ஹார்ட்டிஸ்கைச் சந்தேகப்பட்டேன். டிவியின் பின்னால் நெட்வொர்க் கேபிளைச் செருகும் லேன் போர்ட்டைச் சந்தேகிக்கவே இல்லை.

ஐபெர்ஃப்3 என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதை சர்வராக ஓடவிட்டு, டிவியில் அதற்கான செயலியைப் போட்டு, கம்ப்யூட்டரின் ஐபி எண்ணைக் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிவிடும். தரவு கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போகும் திசையில் அளக்க வேண்டும். அதற்கு ‘ரிவர்ஸ்’ என்ற தேர்வை இயக்குங்கள். எனக்கு வந்த எண்கள்: 93, 94, 94.

94 என்று பார்த்தால் உடனே புரிந்துகொள்ளுங்கள்: நடுவில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. 100இல், தரவோடு கூடவே போகும் முகவரி போன்ற தகவல்களுக்கான இடம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 94தான். என் டிவியின் விவரக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 4கே டிவி, ஆனால் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ். பல டிவிகளில் இன்றும் இதுதான் நிலைமை. 86 சராசரி 94க்குள் அடங்கியது, அதனால் மாலை மாற்றும்வரை ஓடியது. 130 கேட்ட இடத்தில் நின்றுவிட்டது.

உங்கள் டிவி போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று உறுதியாகத் தெரிந்தும் 94 வந்தால் கேபிளைப் பாருங்கள். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விண்டோஸ் நெட்வொர்க் அமைப்புகளில் ‘லிங்க் ஸ்பீட்’ 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். சில ரவுட்டர்களின் போர்ட்டுகளே 100தான்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான் வைத்திருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். மாடியிலிருந்து ஹாலுக்கு வரும் ஃபைல் இணையத்தைத் தொடுவதே இல்லை. டிவியில் ஸ்பீட் டெஸ்ட் செய்து பார்ப்பதால் இந்தச் சிக்கலுக்குப் பயனில்லை.

படி 4: வழியை மாற்றுவது

நான் செய்தது மிக எளிது. டிவியிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்தேன். ரவுட்டர் அதே ஹாலில் இருப்பதால் ஐபெர்ஃப்3 சுமார் 280 காட்டியது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே இடத்தில் 38தான். உங்கள் ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், 5க்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் டிவி எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாது. கேபிளைக் கட்டாயம் கழற்ற வேண்டும். இரண்டும் இருந்தால் ஆண்ட்ராய்டு டிவி கேபிளைத்தான் எடுத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டரை மட்டும் கேபிளிலேயே விடுங்கள். அதுவும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றலையில் ஃபைல் இரண்டு முறை பயணம் செய்ய வேண்டும், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் இருக்கும் வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் எடுபடாது. அங்கே யூஎஸ்பி கிகாபிட் லேன் அடாப்டர் உதவும். டிவியின் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால்கூட 100ஐத் தாண்டி நன்றாகவே மேலே போகும். ஆனால் அதற்கான டிரைவர் டிவிக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். ரியல்டெக் 8153, ஏசிக்ஸ் 88179 சிப் உள்ளவை பரவலாக ஏற்கப்படுகின்றன. முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

கேச் பற்றி

கேச் என்பது வீடியோவின் அடுத்த பகுதியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். ‘கேச்சைக் கூட்டினால் சரியாகிவிடும்’ என்றுதான் எங்கும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கோடியில் இயல்பாக இருக்கும் கேச் 20 எம்பி. என் ஃபைலுக்கு அது இரண்டு நொடிகூட வராது. அதை 128 எம்பி ஆக்கினால் பன்னிரண்டு நொடி கையிருப்பு கிடைக்கும், அட்சதை போன்ற சின்ன எகிறல்களைத் தாண்டிவிடலாம். ஆனால் ஃபைலின் சராசரியே வழியின் வேகத்தைவிட அதிகம் என்றால், தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் வற்றத்தான் செய்யும். அதனால் முதலில் வழி, பிறகு கேச்.

2024இல் வந்த கோடி 21லிருந்து கேச் அளவை மாற்றத் தனி அமைப்பு ஃபைல் எழுத வேண்டியதில்லை. அமைப்புகளின் நிலையை ‘எக்ஸ்பர்ட்’ ஆக்கிவிட்டு, ‘சர்வீசஸ்’ உள்ளே ‘கேச்சிங்’ பகுதியைத் திறங்கள். நெட்வொர்க் ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் கேச் இயங்கும்படி தேர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். டிவிகளில் ரேம் குறைவு, 128க்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்காக மறுபடி போட்டோம். தாலி கட்டும் காட்சியை அவர் மூன்று முறை பார்த்தார்.

பின்சேர்க்கை 1: பென்டிரைவிலும் திணறுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள்

ஃபைலை மீடியாஇன்ஃபோ செயலியில் திறந்து பார்க்கச் சொன்னேன். விண்டோஸின் ‘ப்ராபர்டீஸ்’ இதற்குப் போதாது, மீடியாஇன்ஃபோதான் வேண்டும். ‘குரோமா சப்சாம்ப்ளிங்’ (நிறத் தகவலை எவ்வளவு வைத்திருக்கிறது என்பது) என்ற வரியில் 4:2:2 என்றும், வீடியோவைச் சுருக்கிய முறை எச்.264, 10 பிட் என்றும் இருந்தது. அதாவது எடிட் செய்யாத கேமரா ஃபைல். நிறத்தைத் திருத்த வசதியாக இருக்கும் என்று ஒளிப்பதிவாளர்கள் இப்படி எடுக்கிறார்கள். டிவியில் வீடியோவைப் பிரிக்கும் டிகோடர் சிப்புகள் பெரும்பாலும், நிறத் தகவல் குறைவான 4:2:0க்காகச் செய்யப்பட்டவை. 4:2:2 வந்தால் சிப் ஒதுங்கிக்கொள்ளும், எல்லா வேலையும் டிவியின் சின்ன பிராசஸர் தலையில் விழும். கோடியில் கீபோர்டைச் செருகி, ஆங்கில ‘ஓ’ விசையை அழுத்தினால் டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ (சிப் பிரிக்கிறது) அல்லது எஸ்டபிள்யூ (பிராசஸர் பிரிக்கிறது) என்று வரும். எஸ்டபிள்யூ என்றால் இதுதான் சிக்கல்.

வீடியோ எடுத்தவரிடமே ‘எச்.265, 4:2:0’ என்று கேட்டு வாங்குவது நல்லது. முடியாவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் செயலியில் எச்.265 10 பிட் தேர்ந்து, புரொஃபைல் ‘மெயின் 10’, தரம் ஆர்எஃப் 20 வைத்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள். கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரை டிவியோடு வைத்திருப்பவர்களுக்கும் இதே மருந்துதான். அதன் சிப் எச்.265 என்றால் 4கேவரை பிரிக்கும், எச்.264 என்றால் 1080 வரைதான்.

பின்சேர்க்கை 2: நிற்கவில்லை, ஆனால் மேடையைச் சுற்றிக் கேமரா நகரும்போது படம் சின்னச்சின்னதாக இடறுகிறது

இது பிட்ரேட் சிக்கலே இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்குகள் துடிப்பது தெரியாமல் இருக்க இங்கே பலரும் நொடிக்கு 25 அல்லது 50 படம் வீதம் எடுக்கிறார்கள். டிவி 60 ஹெர்ட்ஸில் ஓடினால் 25ஐ 60க்குள் சமமாகப் பங்கிட முடியாது. சில படங்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும், கண் அதைக் கண்டுபிடித்துவிடும். கோடியின் ‘பிளேயர்’ அமைப்புகளில் ‘அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்’ ஆக்குங்கள். வீடியோ தொடங்கும்போது திரை ஒரு கணம் கறுத்து, 50 ஹெர்ட்ஸுக்கு மாறும்.