லாபி: கட்டடமா, அரசியலா? சீன மொழி பேசுவோருக்கு

‘லாபி’ என்ற ஆங்கிலச் சொல் வினையாக வந்தால் பொருள் அரசியல்தான்: சட்டம் இயற்றுவோரிடம் ஆதரவு கேட்பது. சீனத்தில் ‘யோ-ஷுவெய்’ என்று எழுதுங்கள். அதன் இரண்டாம் எழுத்தைப் பழக்கத்தில் ‘ஷுவோ’ என்று வாசித்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது வினையை அடுத்து அமைச்சரையோ உறுப்பினரையோ நேராகக் குறிப்பிடுங்கள். சீனத்தில் ஆளுக்கு முன் வரும் ‘ஷியாங்’ (‘இடம், நோக்கி’ என்ற பொருள்) நினைவில் ஆங்கிலத்திலும் ஆளுக்கு முன் ‘டு’ சேர்ப்பது பிழை. சட்டத்தை மாற்றச் சொல்லி என்பதுபோல் நோக்கத்துக்கு முன் அது வரலாம்.

பெயராக வந்தால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். ஹோட்டல் என்றால் வரவேற்புக் கூடம், ‘தா-தாங்’. துப்பாக்கி, புகையிலை என்று முன்னால் நின்றால் அது ஆட்களின் குழு: ‘யுவான்-வாய் ஜி-துவான்’, அவைக்கு வெளியே இயங்கும் கூட்டம்.

உண்மையான சிக்கல் லண்டன் நாடாளுமன்றச் செய்திகளில்தான். அங்கே மத்திய லாபி என்பது எண்கோணக் கூடம். மக்கள் தங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கக் கேட்கலாம். வாக்கெடுப்பு லாபிகள் அவையை ஒட்டிய நீண்ட அறைகள். ஆதரிப்போர் ஒன்றிலும் எதிர்ப்போர் மற்றதிலும் நடந்துபோக, வாக்குகள் எண்ணப்படும். செய்தி அரசியலானாலும் இவை இரண்டும் கட்டடப் பகுதிகளே. ‘தா-திங்’, ‘திங்’ (கூடம்) போன்ற இடப்பெயரே பொருந்தும். ‘யோ-ஷுவெய்’ போட்டால், வாக்களிக்கப் போனவர் ஆதரவு கேட்கப் போனவராகிவிடுவார்.