காக்கை கொத்தினாலும் கேட்கும்: லைகோ கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்ணில் நடக்கும் பெரும் மோதல்களால் வெளியில் பரவும் மெல்லிய நடுக்கங்களே ஈர்ப்பலைகள்; அவற்றைப் பிடிக்கும் கருவிதான் லைகோ. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ கருவிகளுக்கு, லேசர் ஒளி ஓடும் 4 கி.மீ. நீளக் கைகள். புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவைக்கூட அவை உணர வேண்டும். அதனால் சுற்றுப்புற இரைச்சலைக் கவனிப்பதை அங்கே யாரும் துணை வேலையாக நினைக்க முடியாது.

நில அதிர்வுமானியை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. 2017 கோடையில் ஹான்ஃபோர்டு தரவில் காரணம் தெரியாத துடிப்புகள் வந்தன. அதே நேரங்களில் மைக்கில் டொக் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால், திரவ நைட்ரஜன் அமைப்பின் குழாயில் படிந்த உறைபனியில் அலகுக் குத்துகள். பாலைவன வெயிலில் தாகமெடுத்த அண்டங்காக்கைகள் அதைக் கொத்தித் தின்றிருக்கின்றன! மைக் இல்லையென்றால் அந்தக் குழாய்ப்பக்கம் யார் போயிருப்பார்கள்?

என்னைக் கேட்டால், சென்சார் காட்டும் அளவைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வதுதான் பெரிய தவறு. அந்தச் சத்தம் கருவிக்குள் எவ்வளவு நுழைகிறது என்பதல்லவா கேள்வி? அதை அறிய நாமே தொந்தரவு கொடுத்துப் பார்க்க வேண்டும்: ஒலிபெருக்கியில் சத்தம், அதிர்வூட்டியால் நடுக்கம், கம்பிச்சுருளால் காந்தப்புலம். கருவியில் முக்கியமான பாகம் எதை மாற்றினாலும் பழைய அளவீடு செல்லாது. திரும்ப எடுக்க வேண்டும். கொடுக்கும் அதிர்வெண்ணிலேயே விளைவு வரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கடல் அலைகளால் நிலம் விநாடிக்கு ஒரு தடவைகூட ஆடாமல் மெல்ல அசையும். சிதறிய லேசர் ஒளி வழியாக அதுவே பல பத்து ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்குப் பல பத்துத் தடவை ஆடும் இரைச்சலாக எழும்.

இரண்டு நிலையங்களிலும் சேர்ந்து வந்தால் அது விண்ணிலிருந்துதான் என்பதும் அவசர முடிவு. பெரிய மின்னல் எழுப்பும் காந்த அலை 3,000 கி.மீ. இடைவெளியை எளிதாகத் தாண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பதிவான அதே விநாடியில் புர்கினா ஃபாஸோவில் கடும் மின்னல் ஒன்று வெட்டியது. காந்தமானிகளின் பதிவும், முன்பே அளந்து வைத்த நுழைவு விகிதமும் கையில் இருந்ததால்தான் அந்தச் சந்தேகத்தை உறுதியாக விலக்க முடிந்தது.

நல்ல சமிக்ஞை கிடைத்த கையோடு எதையாவது சரிசெய்யக் கிளம்புவதும் கூடாது. அந்த முதல் ஈர்ப்பலை வந்தபோது லைகோ குழுவினர் கருவியின் அமைப்பை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். வெறும் இரைச்சலே இப்படியொரு சமிக்ஞையைத் தருமா என்று ஒப்பிட, அதே நிலையில் பல நாள் பின்னணித் தரவு சேர்ந்த பிறகுதான் கைவைத்தார்கள்.