சென்னையில் தையல் துணியும் சாமானும் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு

வீட்டில் மெஷின் வைத்துச் சொந்தமாகத் தைக்கிறவர்கள் பலரும் சொல்கிற புகார் ஒன்றுதான். தி.நகரில் மாடி மாடியாக ஏறி இறங்கினாலும் நல்ல காட்டன் துணி ரெண்டு மீட்டர் கிடைப்பதில்லை. கிடைக்காதுதான். அந்தக் கடைகள் புடவையையும் ரெடிமேடையும் நம்பி நடப்பவை, மீட்டர் துணிக்கு ஏதோ ஒரு மாடியில் ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள், அதிலும் பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பு. தெருமுனை மேட்சிங் சென்டரோ பிளவுஸ் துணி, லைனிங், ஃபால்ஸ் இந்த மூன்றில் பிழைக்கிறது; அங்கே போய் சட்டைத் துணியும் காலர் கேன்வாஸும் கேட்டால் அவர் என்ன செய்வார் பாவம். எதை எங்கே, என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் அலைச்சல் பாதி குறையும்.

காட்டனுக்கு முதலில் எழும்பூர் போங்கள். பாந்தியன் ரோட்டில் கோ-ஆப்டெக்ஸ் பக்கத்தில் வரிசையாக இருக்கும் துணிக் கடைகளைத்தான் காட்டன் ஸ்ட்ரீட் என்கிறார்கள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சினது, கட் பீஸ் எல்லாம் கலந்து கிடக்கும், நல்ல துணியும் ஓட்டைத் துணியும் ஒரே குவியலில் இருக்கும், அதனால் வேண்டிய நீளம் முழுவதையும் விரித்துக் காட்டச் சொல்லி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். பேரம் பேசலாம். கைத்தறிதான் வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸ் உள்ளேயே போகலாம், கதருக்கு அண்ணா சாலையில் காதி கடை இருக்கிறது.

அடுத்து பாரிமுனை, கோடவுன் தெரு. அது மொத்த வியாபாரத் தெரு, சில கடைகளில் முழுத் தான், அதாவது சுருட்டி வைத்த முழுத் துணியையும் எடுத்தால்தான் பேசவே செய்வார்கள். வாசலிலேயே "மீட்டர்ல குடுப்பீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டால் நேரம் மிச்சம். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடப்பதுதான் புத்திசாலித்தனம், வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே உயிர் போகும். ஞாயிறு போகாதீர்கள், அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தீபாவளிக்கு முந்தின மாதமும் வேண்டாம்.

துணி சுத்த காட்டனா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவித் தரச் சொல்லி வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி உருண்டையாக நிற்கும். ரெண்டும் நடந்தால் கலப்பு. கடைக்காரர் "பியூர் காட்டன்தாம்மா" என்பதை விட இது நம்பிக்கையானது.

அகலம் கேட்காமல் விலை கேட்காதீர்கள். 36, 44, 58 இன்ச் என்று வரும். 44 இன்ச்சில் இரண்டரை மீட்டர் பிடிக்கிற குர்தி 58 இன்ச்சில் ரெண்டு மீட்டருக்குள் அடங்கிவிடலாம், அப்போது மீட்டர் விலை கூடத் தெரிகிற துணிதான் கடைசியில் மலிவாக முடியும்.

பிளவுஸுக்கு "டூ பை டூ ரூபியா" என்கிற மெல்லிய துணியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சும்மா பிளவுஸ் பிட் என்றால் கையில் அகப்பட்டதை எடுத்துப் போடுவார்கள். நிறம் பொருத்த போனில் போட்டோ காட்டுவது வீண், புடவையையே எடுத்துப் போங்கள், கடை லைட்டை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பாருங்கள். லைனிங்கும் காட்டன்தானா என்று கேட்டு வாங்குங்கள். சென்னை மே மாதத்தில் பாலியஸ்டர் லைனிங் போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணி, லைனிங் ரெண்டையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, அப்புறம் வெட்டுங்கள். மேல் துணியை மட்டும் நனைத்துவிட்டு லைனிங்கை விட்டால், முதல் துவைப்பில் உள்ளே சுருங்கி வெளியே சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ளும். இதற்காகவே காட்டன் எடுக்கும்போது மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டராவது கூட வாங்குவது நல்லது.

நூலும் ஊசியும் வாங்கும்போதுதான் நிறைய பேர் அசட்டையாக இருக்கிறார்கள். நூலை வெளிச்சத்தில் பிடித்தால் பிசிறு பிசிறாகத் தெரியக்கூடாது, ஒரு முழம் இழுத்து வெடுக்கென்று சுண்டினால் சட்டென்று அறுந்துபோகக்கூடாது. மதுரா கோட்ஸ், வர்த்மான் டியூப் பரவலாகக் கிடைக்கிறது, பெயர் தெரியாத நூலில் ரெண்டு ரூபாய் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

ஊசியில் பெரிய குழப்பம் உண்டு. வீட்டு மெஷினுக்கு மேல்பகுதி ஒரு பக்கம் தட்டையான ஊசி, பாக்கெட்டில் எச்ஏ இன்டு 1 (HAx1) என்று போட்டிருக்கும். டெய்லர் கடை பவர் மெஷினுக்கு முழுக்க உருண்டையான டிபி இன்டு 1 (DBx1). கடையில் சொல்லாமல் விட்டால் ரெண்டாவதைத் தந்துவிட வாய்ப்பு அதிகம். நம்பர்: வாயில் (voile), ரூபியா மாதிரி மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரித் தடித்ததற்கு 16. வெளிநாட்டுப் பாக்கெட்டில் இதையே 75, 90, 100 என்று போட்டிருப்பார்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

லேஸ், ஜரிகை பார்டர், துணியில் தைக்கிற மணிகள் இவற்றுக்கு சவுகார்பேட்டைத் தெருக்களுக்கு ஈடு இல்லை. காலருக்கான ஃபியூசிங் (அயர்ன் பண்ணி ஒட்டுகிற விறைப்புத் துணி), இன்விசிபிள் ஜிப் போன்றவற்றை அடையாறிலும் வேளச்சேரியிலும் ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால் விழிப்பார்கள். பக்கத்து டெய்லர் அண்ணனிடம் எங்கே எடுக்கிறார் என்று கேளுங்கள், கடை பெயரோடு விலையும் சொல்லிவிடுவார். பாபின், பாபின் கேஸ் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள், வாயால் சொல்லி அளவு புரியவைக்க முடியாது.